வொண்டர் வுமனுக்கு முன்னால் வந்தவள்: மிஸ் ஃபியூரி

"வொண்டர் வுமன் வருவதற்கு முன்பு அமெரிக்கக் காமிக்ஸில் பெண் சூப்பர் ஹீரோக்களே இல்லையா? இருந்தால், அதிகம் பேர் அறியாத ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள்" என்பது கேள்வி.

இருந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஒரு கூட்டமே இருந்தது. அவர்களில் ஒருவரை மட்டும் சொல்லச் சொன்னால் நான் தயங்காமல் சொல்லும் பெயர் மிஸ் ஃபியூரி. அவளைப் படைத்தவர் டார்பே மில்ஸ். எழுதியதும் அவர்தான், வரைந்ததும் அவர்தான், அவர் ஒரு பெண். முகமூடி அணிந்து சாகசம் செய்யும் ஒரு கதாநாயகியை ஒரு பெண்ணே உருவாக்கி, வாரா வாரம் தன் கையால் வரைந்து கொண்டுவந்தது அதுவே முதல் முறை. வொண்டர் வுமன் கடைகளுக்கு வந்தது 1941 அக்டோபரில். மிஸ் ஃபியூரியின் முதல் பக்கம் வெளியானது 1941 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. ஆறு மாதம் முந்தியவள்.

"முதல்" என்ற பட்டத்தைக் கொஞ்சம் கவனமாகவே கொடுக்க வேண்டும். 1938ல் சூப்பர்மேன் வந்ததும் தொடங்கிய காலத்தைத்தான் காமிக்ஸ் ரசிகர்கள் பொற்காலம் என்கிறார்கள். அந்த முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் பெண் பாத்திரங்களும் அடுத்தடுத்து வந்தார்கள். 1940 பிப்ரவரி தேதியிட்ட 'ஜங்கிள் காமிக்ஸ்' இரண்டாம் இதழில் ஃபாண்டோமா வந்தாள். காட்டைக் காப்பவள், கோபம் வந்தால் அழகிய முகம் மண்டையோடாக மாறிவிடும். அவளை வரைந்த ஃப்ளெட்சர் ஹேங்ஸ் வேறு பெயரில் கையெழுத்திட்டு வந்தார். அதற்கு அடுத்த மாதமே சிவப்பு அங்கியும் முகமூடியுமாக 'வுமன் இன் ரெட்' வந்தாள். 1941 ஆகஸ்ட் தேதியிட்ட இதழ்களில் மட்டும் செனட்டர் மகள் ஃபாண்டம் லேடி, சினிமா நடிகையாக இருந்துகொண்டே குற்றவாளிகளைப் பிடிக்கும் பிளாக் கேட், கனடாவின் வடதுருவத்து நெல்வானா என்று மூவர் வந்து இறங்கினார்கள். ஆக, காலக்கணக்கை மட்டும் பார்த்தால் மிஸ் ஃபியூரிக்கு முன்னாலும் ஆள் உண்டு. ஆனால் நான் இப்போது பெயர் சொன்ன மற்ற எல்லோரையும் உருவாக்கியவர்கள் ஆண்கள். அந்த வித்தியாசம் கதையின் ஒவ்வொரு மூலையிலும் தெரியும். அதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஆசிரியை. ஜூன் டார்பே மில்ஸ் நியூயார்க்கின் புருக்ளினைச் சேர்ந்தவர். பிராட் இன்ஸ்டிட்யூட்டில் ஓவியம் படித்தார். படிப்புச் செலவுக்காக மாடலாக வேலை பார்த்தார். 1930களின் கடைசியில் காமிக்ஸ் புத்தகங்கள் காளான் போல முளைத்தபோது பல பதிப்பகங்களுக்குக் கதை வரைந்து கொடுத்தார். டேர்டெவில் பாரி ஃபின், பர்ப்பிள் ஸோம்பி, கேட் மேன் எல்லாம் அந்தக் காலத்து வேலைகள். கையெழுத்துப் போடும்போது 'ஜூன்' என்பதை விட்டுவிட்டு 'டார்பே மில்ஸ்' என்று மட்டும் போட்டார். அந்தப் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தனை முரட்டுத்தனமான சாகசக்காரர்களைப் படைத்தது ஒரு பெண் என்று தெரிந்தால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்று பின்னாளில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அவரே விளக்கமும் சொன்னார். இதில் அவர் தனி ஆள் இல்லை. 1940ல் 'பிரெண்டா ஸ்டார்' என்ற பெண் நிருபர் தொடரைத் தொடங்கிய டேலியா மெசிக், 'டேல் மெசிக்' என்று பெயரை மாற்றிக்கொண்டுதான் பத்திரிகை வாசலைத் தாண்ட முடிந்தது.

மிஸ் ஃபியூரி முதலில் காமிக்ஸ் புத்தகத்தில் வந்தவள் அல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் வண்ணப் படக்கதைப் பக்கத்தில் வந்தவள். இந்த வேறுபாடு முக்கியமானது. அன்றைய காமிக்ஸ் புத்தகம் பத்து சென்ட் விலையில் சிறுவர்களைக் குறிவைத்து வந்தது. பத்திரிகைப் படக்கதையோ வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று எல்லோர் கையிலும் புரளும். ஓவியருக்கு மதிப்பும் அதிகம், கௌரவமும் அதிகம். தொடர்களைப் பத்திரிகைகளுக்கு விற்றுக் கொடுத்தவை சிண்டிகேட் எனப்படும் நிறுவனங்கள். மில்ஸின் தொடரை எடுத்துக்கொண்டது பெல் சிண்டிகேட். ஆரம்பத்தில் தொடரின் பெயர் 'பிளாக் ஃபியூரி'. அந்த ஆண்டு முடிவதற்குள் 'மிஸ் ஃபியூரி' ஆகிவிட்டது.

இனி கதைக்கு வருவோம். நாயகி மார்லா டிரேக் நியூயார்க்கின் பணக்காரச் சமூகத்தைச் சேர்ந்த பெண். மாறுவேட விருந்து ஒன்றுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து, அவள் போட்டுக்கொள்ளப்போகும் அதே வேடத்தில்தான் இன்னொருத்தியும் வரப்போகிறாள் என்ற சேதி வருகிறது. மார்லாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அப்போது பணிப்பெண் பிரான்சின் ஒரு யோசனை சொல்கிறாள். மாமா உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போன கருஞ்சிறுத்தைத் தோல் ஒன்று வீட்டில் இருக்கிறதே, ஆப்பிரிக்க மந்திரவாதி ஒருவர் சடங்குகளில் அணிந்தது, அதைப் போட்டுக்கொண்டு போனால் என்ன? மார்லா போட்டுக்கொள்கிறாள். தலையில் பூனைக் காது, கைகால்களில் நகம், உடம்போடு ஒட்டிய கறுப்புத் தோல். விருந்துக்குப் போகும் வழியில் தப்பியோடிய கொலையாளி ஒருவனின் விவகாரத்தில் சிக்கிக்கொள்கிறாள். ஒரு பெரும் சாகசத் தொடர் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்தத் தொடக்கத்தை அந்தக் காலத்து மற்றத் தொடக்கங்களோடு வைத்துப் பாருங்கள். பேட்மேன் பெற்றோரைக் கண்ணெதிரே பறிகொடுத்தவன். சூப்பர்மேன் அழிந்த கிரகத்தின் கடைசிக் குழந்தை. வொண்டர் வுமன் அமேசான்கள் என்ற புராணப் பெண் வீரர்களின் அரசியின் மகள், உலகைத் திருத்தும் பணியோடு அனுப்பப்பட்டவள். மார்லாவுக்கு சபதமும் இல்லை, பணியும் இல்லை. தான் உடுத்த நினைத்ததை இன்னொருத்தி உடுத்திவிட்டாள் என்ற கடுப்பு ஒன்றுதான் காரணம். மேலோட்டமாகப் பார்த்தால் அற்பம். எனக்கு இது பெரிய துணிச்சலாகத் தெரிகிறது. ஒரு பெண்ணைச் சாகசத்துக்குள் இழுக்க அவள் அப்பாவைக் கொல்ல வேண்டியதில்லை, அவளைத் தெய்வப் பிறவியாக்க வேண்டியதும் இல்லை என்று மில்ஸ் முதல் பக்கத்திலேயே முடிவு செய்துவிட்டார். மார்லாவுக்கு ஆசை உண்டு, பொறாமை உண்டு, சலிப்பு உண்டு, கோபம் உண்டு. அதற்கு மேல் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

தோலைப் பற்றி இன்னொரு செய்தி. மிஸ் ஃபியூரியைப் படிக்கத் தொடங்குபவர்கள் வியப்பது இதற்குத்தான்: அவள் அந்த உடையை அபூர்வமாகத்தான் அணிவாள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், சிறுத்தைத் தோல் கண்ணிலேயே படாது. நடுவில் நடப்பதெல்லாம் மார்லா டிரேக்காகவே நடக்கும். பறக்கும் சக்தியோ, குண்டு துளைக்காத உடம்போ, மந்திர வளையமோ அவளுக்கு இல்லை. ஓடுவாள், தாவுவாள், அடிப்பாள், யோசிப்பாள். அந்தத் தோலை அணிந்தால் ஒரு நன்மைக்கு ஒரு தீமையும் கூடவே வரும் என்ற நம்பிக்கையும் கதைக்குள் பேசப்படுகிறது. சூப்பர் ஹீரோ உடையைத் தொந்தரவாக நினைக்கும் நாயகியை 1941லேயே எழுதியிருக்கிறார்.

இந்தத் தொடரின் உண்மையான ருசி வில்லியிடம் இருக்கிறது. பரோனஸ் எரிக்கா வான் காம்ப்ஃப். வெள்ளிப் பொன்னிறக் கூந்தல், அலட்சியப் பார்வை, யாரையும் மயக்கிக் காரியம் சாதிக்கும் சாமர்த்தியம். நெற்றியில் முன்முடியை ஆங்கில 'வி' எழுத்து போலக் கூராக வெட்டியிருப்பாள். பார்ப்பவர்களுக்கு அது புது பாணி. அந்த முடிக்கு அடியில் நெற்றியில் ஸ்வஸ்திகா சூடு போடப்பட்டிருக்கிறது. மறைக்கத்தான் அந்த அலங்காரம். ஒரு நாஜி உளவாளியின் ரகசியத்தை அவளுடைய தலைமுடி வெட்டிலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார் மில்ஸ். அலங்காரத்தின் நுணுக்கம் தெரிந்தவர் கையில்தான் இப்படி ஒரு யோசனை உருவாகும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பதற்றம் எரிக்கா வரும் ஒவ்வொரு கட்டத்திலும் வாசகரோடு கூடவே வரும்.

எரிக்காவுக்கும் மார்லாவுக்கும் நடுவில் கேரி ஹேல் என்று ஒருவன். மார்லாவுக்கு நிச்சயிக்கப்பட்டவன். நல்லவன், ஆனால் எரிக்காவின் வலையில் விழுந்து அவளையே கல்யாணம் செய்துகொள்கிறான். துப்பறியும் அதிகாரி டான் கேரி இன்னொரு பக்கம் மார்லாவைச் சுற்றி வருகிறார். ஒற்றைக் கையோடு வரும் ஜெர்மன் தளபதி புரூனோ, குழந்தையை வைத்துச் சோதனை நடத்தும் விஞ்ஞானி டைமன் சராஃப், பிரேசில் பழங்குடியில் வெண்தோலோடு பிறந்து ஹார்வர்டில் படித்துத் திரும்பிய ஆல்பினோ ஜோ என்று பட்டியல் நீளும். கதை நியூயார்க்கில் இருந்து பிரேசிலுக்குத் தாவி அங்கேயே நெடுநாள் தங்கும். ஒரு கிளைக்கதை முடிவதற்குள் அடுத்தது முளைக்கும். பெண்கள்தான் திட்டம் போடுகிறார்கள், பழி தீர்க்கிறார்கள், காப்பாற்றுகிறார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள், அல்லது தாமதமாக வந்து சேருகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி டேரன் வரும் பகுதி. டைமன் சராஃபின் பிடியில் இருந்து ஒரு சிறு பையனை மார்லா மீட்கிறாள். மீட்டுக் கொண்டுபோய் எங்காவது ஒப்படைத்துவிடவில்லை. தானே தத்தெடுத்து வளர்க்கிறாள். கல்யாணமாகாத ஒரு பெண் தனி ஆளாகக் குழந்தை வளர்ப்பதை 1940களின் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பப் பக்கத்தில் காட்டியது சாதாரண விஷயம் இல்லை. அந்தக் குழந்தை யாருடையது என்பது மார்லாவுக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். அவன் எரிக்காவுக்கும் கேரி ஹேலுக்கும் பிறந்தவன். தன் காதலைப் பறித்தவளின் பிள்ளையைத்தான் மார்லா மார்போடு அணைத்து வளர்த்துக்கொண்டிருக்கிறாள். பேட்மேனுக்கு ராபின் சண்டைத் துணையாகக் கிடைத்த அதே காலத்தில், முகமூடி அணிந்த இன்னொருவரின் வீட்டில் ஒரு குழந்தை வெறும் குழந்தையாக மட்டும் வளர்ந்தது.

ஓவியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி சொன்னது போலத்தான். அன்று பத்திரிகை ஓவியர்கள் எல்லோரும் 'டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்' தொடரின் மில்டன் கேனிஃபை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு மையை அள்ளிப் பூசி, நிழலாலேயே காட்சியை அமைக்கும் சினிமாத்தனமான பாணி அவருடையது. மில்ஸின் பக்கங்களிலும் அந்த வாடை உண்டு. அதோடு சேர்த்து அவர் தன்னுடையதாக ஒன்றைக் கொண்டுவந்தார். உடை. மார்லா மாலை விருந்துக்கு அணியும் கவுன் எப்படி மடிந்து விழும், கையுறை எங்கே முடியும், தொப்பியின் வலை எந்தக் கோணத்தில் கண்ணை மறைக்கும், செருப்பின் வார் எப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். அவர் வரைந்த பெண்கள் குளிக்கிறார்கள், உடை மாற்றுகிறார்கள், உள்ளாடையோடு நின்று பேசுகிறார்கள், கூந்தலைப் பிடித்து இழுத்து உருண்டு சண்டை போடுகிறார்கள்.

இதைக் கவர்ச்சி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஃபாண்டம் லேடியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1948 ஏப்ரலில் வந்த ஃபாண்டம் லேடி 17ஆம் இதழின் அட்டையை மேட் பேக்கர் வரைந்தார். அபாரமான ஓவியர் அவர், கறுப்பின ஓவியர்களுக்கு வாய்ப்பே அரிதாக இருந்த துறையில் தடம் பதித்தவர். அந்த அட்டையில் நாயகி கயிற்றால் கட்டப்பட்டு நிற்கிறாள். பார்ப்பவரை நோக்கி, பார்ப்பவருக்காகவே நிற்கிறாள். மில்ஸின் மார்லா உடை மாற்றும்போது யாருக்காகவும் நிற்பதில்லை. அவளுக்கு எங்கோ போக வேண்டும், நேரமாகிறது, மனதில் வேறொரு கவலை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த உடைகள் அவளுக்குப் பிடித்திருக்கின்றன, அதனால் அணிகிறாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்தே மில்ஸ் வரைந்தார் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. மார்லாவின் சாயல் அவருடைய புகைப்படங்களிலும் தெரியும். மார்லாவின் வெள்ளைப் பாரசீகப் பூனை பெர்ரி-பர்கூட மில்ஸ் வீட்டில் வளர்ந்த பூனைதான்.

பெண் என்ற விஷயம் ரொம்ப நாள் மறைந்திருக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், பேட்டி எடுத்தார்கள், படம் போட்டார்கள். அவர் பயந்தது போல வாசகர்கள் ஏமாற்றமடையவும் இல்லை. போர்க்காலத்தில் தொடர் ஓங்கியது. 1942ல் இருந்து 1946 வரை டைம்லி காமிக்ஸ், அதாவது பிற்பாடு மார்வெல் ஆன அதே நிறுவனம், பத்திரிகைப் பக்கங்களைத் தொகுத்து எட்டு இதழ்களாக வெளியிட்டது. அவற்றில் மார்லாவின் உருவத்தையும் உடைகளையும் வெட்டி எடுத்து மாற்றி மாற்றி அணிவிக்கும்படி காகிதப் பொம்மைப் பக்கங்களும் இருந்தன. சிறுமிகள் இந்தத் தொடரைத் தங்களுடையதாக எண்ணினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். மறுபுறம் அமெரிக்கப் படை வீரர்கள் தங்கள் குண்டுவீச்சு விமானங்களின் மூக்கில் மிஸ் ஃபியூரியை வரைந்துகொண்டு பறந்தார்கள்.

போர்க்காலம் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆண் ஓவியர்கள் படைக்குப் போனதால் காலியான நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஃபிக்ஷன் ஹவுஸ் பதிப்பகத்தில் மட்டும் ரூத் அட்கின்சன், ஃபிரான் ஹாப்பர், வியன்னாவில் இருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த லில்லி ரெனே என்று பலர் வேலை பார்த்தார்கள். லில்லி ரெனே வரைந்த 'சென்யோரிட்டா ரியோ' நாஜி உளவாளிகளை வேட்டையாடும் கதை. துரத்தப்பட்டவர் கையாலேயே அந்தக் கதை வரையப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும். வொண்டர் வுமனுக்கும் ஒரு மறைந்த பெண் கை இருந்தது. அவளைப் படைத்த வில்லியம் மார்ஸ்டனின் மாணவி ஜாய் ஹம்மல் 1944ல் இருந்து 1947 வரை ஏராளமான வொண்டர் வுமன் கதைகளை எழுதினார். அவர் பெயர் எந்த இதழிலும் அச்சாகவில்லை. இந்தப் பின்னணியில் பார்த்தால் மில்ஸின் இடம் தெளிவாகும். அவர் யாருடைய பாத்திரத்துக்கும் உதவியாளராக இல்லை, யாருடைய பெயருக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ளவில்லை. பாதியாக வெட்டிய பெயரானாலும் அது அவருடைய சொந்தப் பெயர், பக்கத்தின் தலையிலேயே இருந்தது.

அப்படியானால் ஏன் மறந்துபோனோம்?

ஒரு காரணம் 1947ல் நடந்தது. கதையில் ஈரா ஆப்பிள்டன் என்ற இரவு விடுதி நடனக்காரி வருகிறாள். அவளுக்கு மில்ஸ் வரைந்த உடை அந்தக் காலத்துக்கு மீறிய துணிச்சல். 37 பத்திரிகைகள் தொடரை நிறுத்திவிட்டன. உச்சத்தில் சுமார் 100 பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த தொடருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதை யோசித்துப் பாருங்கள். சிண்டிகேட் முறையில் ஓவியரின் வருமானம் எத்தனை பத்திரிகை வாங்குகிறது என்பதைப் பொறுத்தது. காமிக்ஸ் புத்தகத்தை ஒரு கடைக்காரர் வேண்டாம் என்றால் அடுத்த கடையில் விற்கலாம். ஒரு ஊரின் பத்திரிகை ஆசிரியர் படக்கதையை நிறுத்தினால் அந்த ஊரில் அது இல்லாமலே போய்விடும்.

இரண்டாவது, போர் முடிந்ததும் காற்று திசை மாறியது. ஆண்கள் திரும்பி வந்தார்கள், பெண்களைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பும் மனநிலை நாடெங்கும் பரவியது. சூப்பர் ஹீரோ கதைகளே விற்காமல் போய், காதல் கதைகளும் குற்றக் கதைகளும் திகில் கதைகளும் அந்த இடத்தைப் பிடித்தன. நாஜி வில்லன்களும் காலாவதியானார்கள். மிஸ் ஃபியூரி 1950களின் தொடக்கத்தில் நின்றது. பத்தாண்டுக்கு மேல் ஓடிய தொடர்.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வொண்டர் வுமனுக்கு ஒரு நிறுவனம் இருந்தது. மார்ஸ்டன் 1947ல் இறந்த பிறகும் வேறு எழுத்தாளர்கள், வேறு ஓவியர்கள் என்று மாற்றி மாற்றி அவளை அச்சில் வைத்திருந்தார்கள். பொம்மை, தொலைக்காட்சி, சினிமா என்று எல்லா வழியிலும் கொண்டுபோனார்கள். மிஸ் ஃபியூரி ஒரே ஒருவரின் கையில் வளர்ந்தவள். அந்தக் கை ஓய்ந்ததும் அவளும் நின்றுபோனாள். தொடர்ந்து அச்சிட ஆள் இல்லாததால் அடுத்த தலைமுறை வாசகர்களுக்கு அவள் பெயரே எட்டவில்லை. எது சிறந்தது என்பது வேறு, எது கடையில் தொடர்ந்து கிடைத்தது என்பது வேறு.

மில்ஸ் அதன் பிறகு காமிக்ஸில் இருந்து ஏறக்குறைய விலகிவிட்டார். 1971ல் மார்வெலின் காதல் கதை இதழ் ஒன்றுக்கு வரைந்தார். ஆல்பினோ ஜோவை வைத்து ஒரு நெடுங்கதை தொடங்கி அதை முடிக்கவில்லை. 1988 டிசம்பரில் இறந்தார்.

அவரை மீட்டெடுத்ததில் பெரும்பங்கு இன்னொரு பெண் ஓவியருக்கு உரியது. டிரினா ராபின்ஸ். 1970ல் முழுக்க முழுக்கப் பெண்களே உருவாக்கிய முதல் அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்தவர். வொண்டர் வுமன் இதழ்களை வரைந்த முதல் பெண் என்று பெயர் பெற்றவரும் அவரே. அது நடந்தது 1986ல். உலகின் மிகப் பிரபலமான பெண் சூப்பர் ஹீரோவுக்கு ஒரு பெண்ணின் தூரிகை கிடைக்க நாற்பத்தைந்து ஆண்டு ஆயிற்று. மிஸ் ஃபியூரிக்கு அது பிறவியிலேயே இருந்தது. ராபின்ஸ் பழைய காமிக்ஸில் பணியாற்றிய பெண்களின் வரலாற்றைத் தேடித் தேடி எழுதினார். மில்ஸின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை இரண்டு பெரிய தொகுதிகளாகத் தொகுத்து 2011லும் 2013லும் ஐடிடபிள்யூ பதிப்பகம் வழியாகக் கொண்டுவந்தார். 2019ல் மில்ஸின் பெயர், காமிக்ஸ் துறையின் உயரிய விருதான ஐஸ்னர் விருதுக் குழுவின் புகழ் அரங்கில் சேர்க்கப்பட்டது. ராபின்ஸ் 2024 ஏப்ரலில் காலமானார். அவர் செய்த வேலை இல்லையென்றால் இந்தப் பதிலை நான் எழுதியிருக்க முடியாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்க மந்திரவாதியின் தோல், பிரேசில் காட்டுப் பழங்குடிகள் என்று வரும் இடங்களில் அந்தக் கால வெள்ளை அமெரிக்கர்களின் பார்வை அப்பட்டமாகத் தெரியும். கறுப்புத் தோலின் சக்தி எங்கிருந்து வந்ததோ அந்த மக்கள் கதையில் முகமே இல்லாமல் போகிறார்கள். ஆல்பினோ ஜோவுக்குக் கல்வியும் கண்ணியமும் கொடுத்த மில்ஸ், அந்தக் கண்ணியத்தை மற்றப் பழங்குடிகளுக்கும் நீட்டவில்லை. கதையோட்டத்திலும் தற்செயல்கள் அளவுக்கு மீறி வரும். ஒருவரையொருவர் தேடும் நான்கு பேர் ஒரே காட்டில் ஒரே நாளில் சந்தித்துக்கொள்ளும் ரகம். வாரத்துக்கு ஒரு பக்கம் என்று படித்தவர்களுக்கு உறுத்தியிருக்காது, தொகுப்பாகப் படிக்கும் நமக்கு உறுத்தும்.

2013ல் டைனமைட் நிறுவனம் புதிய எழுத்தாளர், புதிய ஓவியர்களை வைத்து மிஸ் ஃபியூரியைத் திரும்பக் கொண்டுவந்தது. காலப்பயணம், இடைவிடாத அடிதடி, எப்போதும் அந்தக் கறுப்பு உடை. பெயர் அதேதான். மில்ஸ் மார்லாவை அந்த உடையில் இருந்து எவ்வளவு நேரம் வெளியே வைத்திருந்தார் என்பதை அறிந்தவர்களுக்கு அது வேறொரு பாத்திரமாகத்தான் தோன்றும்.

படிக்க நினைப்பவர்களுக்கு: ராபின்ஸ் தொகுத்த இரண்டு தொகுதிகளில் முதலில் வெளியானது 1944 முதல் 1949 வரையிலான பக்கங்கள். வெளியான வரிசையில் வாங்கினால் கதையின் நடுவில் போய் விழுவீர்கள், எரிக்கா யார், கேரி ஹேலுக்கு என்ன ஆயிற்று என்று ஒன்றும் புரியாது. 2013ல் வந்த, 1941 முதல் 1944 வரையிலான தொகுதியை முதலில் எடுங்கள். மாறுவேட விருந்தும், எரிக்காவும், பிரேசிலும் அதில்தான் இருக்கின்றன. ஒரே மூச்சில் படிக்காமல் ஒரு நாளைக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் என்று படியுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிக் கட்டத்திலும் அடுத்த வாரத்துக்கு ஒரு முடிச்சு போடப்பட்டிருக்கும், வேகமாகப் புரட்டினால் அந்தச் சுகம் போய்விடும்.